நவோஷிமாவுக்கு வேலை முடிந்தபின் போக நினைப்பவர்களுக்கு

கோவையில் வால்வு வார்ப்புகள் செய்யும் ஒரு பவுண்டரியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். எங்களிடம் வார்ப்புகளை வாங்கும் ஜப்பானிய நிறுவனத்தின் ஆலை ஒக்காயாமா மாகாணத்தின் கடலோரத் தொழிற்பகுதியில் இருக்கிறது. 2024 நவம்பரில் அங்கே நடக்கவிருந்த அழுத்தச் சோதனைகளுக்கு எங்கள் தரப்பிலிருந்து ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றபோது, அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், ஆலையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் நவோஷிமா என்ற சிறு தீவு தெரிந்தது. கட்டடக் கலை படிக்க ஆசைப்பட்டு, வீட்டுச் சூழலால் உலோகவியல் படித்தவள் நான். அந்தத் தீவில் தடாவோ ஆண்டோ கட்டிய சிச்சூ கலை அருங்காட்சியகத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக வாசித்து வைத்திருந்தேன். மலையின் வடிவம் கெடாதபடி ஏறக்குறைய முழுவதும் நிலத்துக்கடியில் அமைத்து, 2004இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. வேலைக்குப் போகும் பயணத்திலேயே அதையும் பார்த்துவிடலாம் என்று மகிழ்ந்தேன். பார்த்தும் விட்டேன். ஆனால் அதற்காக நான் பட்ட பாட்டையும் இழந்த பணத்தையும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதியாவது மிச்சமாகியிருக்கும். நவோஷிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கென்றே விடுமுறை எடுத்துப் போகிறவர்கள். பெட்டியில் சோதனை அறிக்கையும், கைப்பேசியில் மேலாளரின் அழைப்புமாகப் போகிறவர்களுக்கு எழுதப்பட்டது எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வேலை முடியும், வெள்ளிக்கிழமை ஓய்வு, சனிக்கிழமை கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவது என்பதுதான் முதலில் போட்ட திட்டம். சிச்சூவுக்கு நாள், நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நான் வெள்ளிக்கிழமை முற்பகலுக்கு 2,500 யென் அளவில் கட்டிச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். வியாழக்கிழமை பிற்பகலில் ஒரு வால்வின் உடற்பகுதியில் கசிவு தெரிந்தது. வார்ப்பில் வாயு சிக்கியதால் வந்த ஊதுகுழியா, உலோகம் இறுகும்போது வந்த சுருக்கக் குழியா என்று தீர்மானிக்கக் கதிர்ப்படம் எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மறுசோதனை, சனிக்கிழமை அறிக்கை என்று வாடிக்கையாளர் தரப்பினர் மிகுந்த பணிவோடு என் வாரக் கடைசியை எடுத்துக்கொண்டார்கள். கோவைக்குப் போன் செய்தேன். "மேடம், நீங்க இருந்து முடிச்சுக் குடுத்துட்டு வந்துருங்க. டிக்கெட்டெல்லாம் இங்க மாத்திக்கலாங்க" என்றார் மேலாளர். விமானப் பயணத்தைத் திங்கட்கிழமை பிற்பகலுக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை முற்பகலில், நான் அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்க வேண்டிய நேரத்தில், பாதுகாப்புத் தலைக்கவசத்துடன் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை வேலைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் அந்த முள் அசையாமல் நின்ற பத்து நிமிடத்தில் என் மனம் அங்கே இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்த இடத்திலேயே நான் சொல்ல வேண்டியவற்றில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பணிப் பயணத்தின் கடைசி நாள் ஒருபோதும் நம்முடையது அல்ல. மறுசோதனை, விட்டுப்போன கையெழுத்து, திடீரென்று வரும் மூத்த அதிகாரி, விடைபெறும் விருந்து என்று எல்லாத் தாமதமும் வந்து சேர்கிற இடம் அந்த நாள்தான். பார்க்க விரும்பும் இடத்தை முதல் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது என்றால் சனிக்கிழமையே போய் இறங்கி, ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான் என்பதால் உடல் பெரிதாகத் தடுமாறாது. அந்தக் கூடுதல் இரவின் வாடகையை நீங்களே கட்டினாலும், கடைசியில் நான் கட்டியதைவிட அது குறைவாகவே இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. முதல் நாளில் ஊரின் ரயிலும் படகும் பழகிவிடுவதால், வேலை நாட்களில் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடியும்.

சனிக்கிழமை மாலை அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு, மறுநாளுக்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மீந்திருந்தது பிற்பகல் மூன்றேகால் மணி மட்டும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சிச்சூ மாலை ஐந்து மணிக்கே மூடப்படும், நான்கு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை. திங்கட்கிழமை போகலாம் என்றால் அன்று வார விடுமுறை. சிச்சூ மட்டுமல்லாமல் லீ உஃபான் அருங்காட்சியகமும், ஹொன்முரா கிராமத்திலுள்ள பழைய வீடுகளைக் கலைப் படைப்புகளாக மாற்றிய கலை வீடுகளும் திங்கட்கிழமை திறப்பதில்லை. அன்று தேசிய விடுமுறையாக இருந்தால் திறந்து வைத்துவிட்டு அடுத்த நாள் மூடுவார்கள். திங்களன்று தீவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இருக்கிற ஒரே ஆறுதல், ஆண்டோவே 1992இல் கட்டிய பெனெஸ்ஸே ஹவுஸ் அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதுதான். வேறு வழியின்றி மூன்றேகால் மணிச் சீட்டை மீண்டும் பணம் கட்டி வாங்கினேன்.

அன்றிரவு தங்குவதற்கு வந்த சிக்கல் வேறு. நான் தங்கியிருந்த விடுதியில் சனிக்கிழமைக்கு அறை இல்லை. இலையுதிர் காலத்தில் செந்நிற இலைகளைப் பார்க்க உள்ளூர் மக்களே பயணம் கிளம்பும் வாரக் கடைசி அது. ஒக்காயாமா ரயில் நிலையத்திலிருந்து தள்ளியிருந்த வேறொரு விடுதியில் 14,000 யென் கொடுத்து, நம் கணக்கில் ஏழாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு, கட்டிலும் நானும் மட்டுமே அடங்கும் ஓர் அறை கிடைத்தது. ஞாயிறு இரவுக்கு ஒசாகாவில் அலுவலகம் அறை போட்டிருந்தது. அதன் பொருள், ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபத்துமூன்று கிலோ பெட்டியோடு நான் தெருவுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான். அன்றைய நாளை முழுவதுமாக ஆட்டி வைத்தது அந்தப் பெட்டிதான்.

ஜப்பானில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய அவசியமே இல்லை என்பதைப் பின்னர்தான் ஒசாகா விடுதியின் வரவேற்பு மேசையில் தெரிந்துகொண்டேன். விடுதியிலோ, தெருமுனையிலுள்ள இருபத்துநான்கு மணி நேரக் கடையிலோ பெட்டியைக் கொடுத்தால், அடுத்து நாம் தங்கப்போகும் விடுதிக்கு மறுநாள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் கூரியர் சேவை அங்கே நாடு முழுவதும் உண்டு. குட்டியைக் கவ்விச் செல்லும் கருப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டிகளைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவை எனக்கும் பயன்படும் என்று தோன்றவில்லை. தூரத்தையும் அளவையும் பொறுத்து ஒரு பெரிய பெட்டிக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் யென் வரை ஆகும். விமான நிலையத்துக்கே அனுப்புவதானால் கூடுதலாக ஒரு நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆலைக்குப் போகும்போதே நான் பெட்டியைக் கொடுத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு தோள்பையோடு போயிருக்கலாம். பணிப் பயணத்தின் நடுவே எங்கேயாவது போக எண்ணுகிறவர்கள் நுழைவுச் சீட்டுக்கு முன்பே இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒக்காயாமா நிலையத்தில் பெரிய லாக்கர்கள் எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பெண் தன் பெட்டியை வெளியே எடுக்கிறார் என்று பார்த்து ஓடினேன். அவர் சால்வையை எடுத்துக்கொண்டு மறுபடியும் பூட்டிவிட்டார். சரி, துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினேன். தீவுக்குப் படகு கிளம்பும் உனோ துறைமுகத்துக்கு நேர் ரயில் எப்போதாவதுதான் உண்டு. பெரும்பாலும் சாயாமாச்சியில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும், காத்திருப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. உனோவிலும் என் பெட்டி நுழையும் அளவுக்கு லாக்கர் காலியாக இல்லை. ஆக, பெட்டியும் என்னோடு படகேறியது. தீவு நிர்வாகத்தில் ககாவா மாகாணத்தைச் சேர்ந்ததென்றாலும் ஒக்காயாமா கரைக்குத்தான் நெருக்கம். உனோவிலிருந்து மியானோஉரா துறைக்கு இருபது நிமிடம், கட்டணம் 300 யென். கார்களும் லாரிகளும் ஏறுகிற பெரிய படகு அது, பெட்டியைப் பற்றி யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்த இருபது நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேல்தளத்தில் நின்ற பயணிகள் எல்லாரும் தெற்கே, கலைப் படைப்புகள் இருக்கும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க, என் கண் வடக்கே போனது. அங்கே மிட்சுபிஷி நிறுவனம் 1917இல் தொடங்கிய உருக்காலை இன்றும் இயங்குகிறது. தாமிரத் தாதுவை உருக்கும்போது கந்தக டை ஆக்சைடு வெளியேறும். அந்தப் புகையில் அக்காலத்தில் தீவின் மலைகளும் சுற்றுப்புறத் தீவுகளும் மரம் கருகி மொட்டையாகிப்போயின. ஊருக்குச் சோறு போட்டதும் அந்த ஆலைதான், ஊரைக் கருக்கியதும் அதுதான். அருகிலுள்ள தேஷிமா தீவில் 1970களின் நடுவிலிருந்து 1990 வரை சட்டவிரோதமாகத் தொழிற்கழிவு கொட்டப்பட்டது. 2000இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகு அந்தக் கழிவைப் படகில் கொண்டுவந்து பக்குவப்படுத்தியதும் நவோஷிமாவின் இந்த வடபகுதியில்தான். தீவின் தென்பகுதியைக் கல்விக்கும் பண்பாட்டுக்குமான இடமாக மாற்ற வேண்டும் என்று 1985இல் ஊர்த் தலைவர் மியாகேவும் ஒக்காயாமாவைச் சேர்ந்த பதிப்பாளர் தெட்சுஹிகோ ஃபுகுதாகேவும் பேசி முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஃபுகுதாகே இறந்துவிட, அவர் மகன் சோயிச்சிரோ தொடர்ந்து நடத்தினார். உருக்கு உலையின் வெப்பத்தில் இருபது ஆண்டுகள் நின்றவளுக்கு, கலைத் தீவு என்று பெயரெடுத்த இடத்தின் பின்பக்கத்தில் அந்தப் புகைபோக்கியைப் பார்த்தது மனதுக்கு நெருக்கமாக இருந்தது. உனோவிலிருந்து போகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

மியானோஉராவில் இறங்கியதும் யாயோய் குசாமா என்ற கலைஞரின் பெரிய சிவப்புப் பூசணிச் சிற்பம் நிற்கிறது. குழந்தைகள் அதற்குள் புகுந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் அதை வலம் வந்தது லாக்கர் தேடித்தான். ஒன்றும் கிடைக்காமல், ஒரு வாடகை மிதிவண்டிக் கடையில் கேட்டேன். அதை நடத்திய முதியவர் பெட்டியை 500 யென்னுக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, சுவரிலிருந்த கடிகாரத்தில் ஐந்தைத் தொட்டுக் காட்டி, இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காண்பித்தார். ஐந்து மணிக்குக் கடை அடைக்கப்படும். மூன்றேகாலுக்கு நுழைவு, ஐந்துக்குள் திரும்பல். வேறு வழி ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை, தலையாட்டினேன்.

தீவுக்குள் போக்குவரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரம் கரைவது இங்கேதான். மியானோஉராவிலிருந்து ஊர்ப் பேருந்து 100 யென்னுக்கு ஹொன்முரா வழியாகச் சுற்றிக்கொண்டு சுட்சுஜி-சோ என்ற நிறுத்தம் வரை போகும். அங்கே இறங்கி, அருங்காட்சியகங்களுக்கு இடையே ஓடும் இலவசப் பேருந்தில் ஏறிச் சிச்சூவுக்குப் போக வேண்டும். படகு வந்து நிற்கும்போதெல்லாம் எல்லாரும் ஒரே பேருந்தில் ஏறப் பார்ப்பார்கள் என்பதால் முதல் வண்டியில் இடம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. நான் இரண்டாவது வண்டியில் நின்றுகொண்டு போனேன். மிதிவண்டி எடுப்பவர்கள் மியானோஉராவிலிருந்து மேட்டுச் சாலையில் நேராகச் சிச்சூவின் சீட்டு மையம் வரை போகலாம். ஆனால் சுட்சுஜி-சோ பக்கமிருந்து பெனெஸ்ஸே வளாகத்துக்குள் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. மேடு கடுமையானது, மின்கலம் உள்ள வண்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். டாக்சி என்பது முன்கூட்டியே சொல்லி வைத்தால் மட்டுமே கிடைக்கக்கூடியது. நடந்தால் மியானோஉராவிலிருந்து சிச்சூவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

சுட்சுஜி-சோவில் இறங்கியவுடன் கரையில், கடலுக்குள் நீண்ட சிறு மேடையின் நுனியில், குசாமாவின் மஞ்சள் பூசணி தெரிந்தது. 1994இல் வைக்கப்பட்ட அதை 2021 ஆகஸ்டில் புயலின் அலைகள் கடலுக்குள் இழுத்துப்போய் உடைத்தன. இப்போது இருப்பது 2022 அக்டோபரில் திரும்ப வைக்கப்பட்டது. பக்கத்தில் நின்று படம் எடுக்க ஒரு வரிசை. நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அடுத்த பேருந்துக்கான வரிசையில் நின்றேன்.

சிச்சூவின் சீட்டு மையம் வேறு, கட்டடம் வேறு. மையத்தில் சீட்டைக் காட்டி, விதிகளைக் கேட்டுக்கொண்டு, சாலையோரம் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் தோட்டத்தை நினைவுபடுத்தும் செடிகளும் அல்லிக் குளமும் கொண்ட தோட்டத்தைக் கடந்து சில நிமிடம் மேலேறினால்தான் வாசல் வரும். ஆகவே சீட்டில் குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரமாவது முன்னதாகப் போங்கள். வாசலுக்கு உள்ளே படம் எடுக்கக் கூடாது. அந்த விதி முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, பத்து நிமிடத்தில் நன்றியாக மாறிவிட்டது. கைப்பேசியை உள்ளே வைத்ததும் மேலாளரும் அறிக்கையும் சேர்ந்தே பைக்குள் போய்விட்டார்கள்.

முதல் நடைபாதையிலேயே நான் நின்றுவிட்டேன். வெளிப்பார்வைக்கு வெறும் கான்கிரீட் சுவர்தான். ஆனால் கான்கிரீட்டும் ஒரு வார்ப்புத்தானே. சென்ட்ரிங் பலகைகள் சேர்ந்த கோடுகள் தரையிலிருந்து மேல்வரை ஒரே நேர்க்கோட்டில் ஓடின. பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகளின் வட்டக் குழிகள் ஒவ்வொரு பலகையிலும் ஒரே இடைவெளியில் இருந்தன. மூலைகளில் ஓர் ஒழுக்கல் இல்லை, ஒட்டுப்போட்ட தடம் இல்லை. எங்கள் பவுண்டரியில் அச்சு இணையும் கோட்டை முதல் வேலையாகத் தேய்த்து எடுத்துவிடுவோம். இங்கே அதை அப்படியே விட்டு, அதையே அழகாக நிறுத்தியிருக்கிறார்கள். சாய்ந்த சுவரில் கிடைமட்டமாக ஒரு மெல்லிய கீற்று வெட்டப்பட்டிருந்தது. அதன் வழியே குனிந்து பார்த்தால் முக்கோண முற்றமும் அதில் கொட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக் கற்களும் தெரிந்தன. தரம் பார்க்கும் வேலையில் இருப்பவளாகச் சொல்கிறேன், அந்தச் சுவரை நிராகரிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இந்த அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக மூன்றே மூன்று கலைஞர்களின் படைப்புகள்தான் இருக்கின்றன. அதனால் ஒரு மணி நேரம் போதும் என்று எனக்குச் சொன்னவர்கள் பலர், அதை நம்பாதீர்கள். மோனேயின் அறைக்குள் ஒரு சமயத்தில் குறிப்பிட்ட சிலரையே விடுகிறார்கள். வெளியே காத்திருந்து, காலணியைக் கழற்றி, அவர்கள் தரும் செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டும். உள்ளே செயற்கை விளக்கே இல்லை, கூரையிலிருந்து இறங்கி வரும் பகல் வெளிச்சம் மட்டும்தான். தரையில் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள வெள்ளைப் பளிங்குக் கட்டைகளை ஏழு லட்சம் எண்ணிக்கையில் பதித்திருக்கிறார்கள். செருப்பின் அடியில் ஒவ்வொன்றின் மழுங்கிய விளிம்பும் லேசாக உறுத்தியது. எதிர்ச்சுவரில் இரண்டு மீட்டர் உயரமும் ஆறு மீட்டர் அகலமுமாக அல்லிக் குளம், சுற்றிலும் மேலும் நான்கு ஓவியங்கள். எல்லாம் மோனேயின் கடைசிக் காலத்தில், கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தபோது வரைந்தவை. நான் போன நேரத்தில் சூரியன் சாயத் தொடங்கியிருந்தது. ஒரு மேகம் கடந்தபோது ஊதா நிறங்கள் எல்லாம் ஒரே கணத்தில் சாம்பலுக்குள் போய், மீண்டும் மெல்ல எழுந்து வந்தன. குளிர்காலப் பிற்பகலில் போகிறவர்கள் இந்த அறைக்கு முதலில் போங்கள், இருட்டத் தொடங்கினால் ஓவியத்தையும் இருட்டிலேயே பார்க்க நேரிடும். இந்த ஒன்றையாவது நான் தற்செயலாகச் சரியான வரிசையில் செய்தேன்.

ஜேம்ஸ் டர்ரெலின் அறைகளிலும் காத்திருப்பு உண்டு. நீலத் திரை என்று நான் நினைத்த ஒன்றை நோக்கிக் கருப்புப் படிகளில் ஏறச் சொன்னார்கள். ஏறி நின்றதும், தயங்காமல் உள்ளே வரலாம் என்று பணிப்பெண் சைகை செய்தார். திரை என்று ஒன்று இல்லவே இல்லை, அது ஒளி நிரம்பிய இன்னோர் அறை. எனக்கு முன்னால் போன முதியவர் கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். உள்ளே தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று புரியாமல் உண்மையிலேயே எனக்குப் பயம் வந்தது. பயத்தோடு சிரிப்பும் வந்தது. அந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தவள் நான் ஒருத்திதான். மணி நான்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வால்டர் டி மரியாவின் கூடத்துக்கு எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அகன்ற படிக்கட்டின் நடுவில், 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் கோளம். சுவரெங்கும் தங்கத் தகடு போர்த்திய மரத்தூண்களின் இருபத்தேழு அமைப்புகள். கூடம் கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால் பொழுது நகர நகர வெளிச்சமும் நகரும். கோளத்தின் மெருகில் கூரைத் திறப்பு வளைந்து தெரிந்தது, ஒவ்வொரு படியாக ஏறும்போது அது உருண்டுகொண்டே என் கூடவே வந்தது. அங்கே உட்கார்ந்து, வெளிச்சம் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குப் போவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நான் ஒரு பெட்டிக்காக எழுந்து வந்தேன். பல ஆண்டுகள் காத்திருந்து, இரண்டு முறை பணம் கட்டி வந்த இடத்திலிருந்து, துணியும் சோதனை அறிக்கையும் அடங்கிய ஒரு பெட்டிக்காக வெளியேறும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடலைப் பார்த்தபடி அமைந்த சிற்றுண்டிச்சாலையின் வாசலைக் கடந்தபோது கண் கலங்கியது, அங்கிருந்தவர்கள் அதைக் கலையின் தாக்கம் என்று எண்ணியிருப்பார்கள். முழுதாகப் பார்க்க இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இலவசப் பேருந்து சுட்சுஜி-சோ பக்கமாகத்தான் போகும், மியானோஉராவுக்குப் போகாது. ஆகவே நான்கரை மணியளவில் மேற்குச் சாலையில் நடக்கத் தொடங்கினேன், பாதித் தூரம் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். நவம்பரில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மரங்களடர்ந்த அந்தச் சாலையில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. பாதுகாப்புக் குறித்து எனக்கு அச்சம் வரவில்லை, ஆனால் வளைவுகளில் வரும் வண்டிகளுக்கு நான் தெரியவேண்டுமே என்று கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டேன். தனியாகப் போகிறவர்கள் குளிர்காலத்தில் இந்த நடையை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது. கடைக்குப் போனபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. முதியவர் பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் என் பெட்டியை எடுத்து வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், வாருங்கள் என்பதுபோலக் குனிந்தார். நான் அவரைவிடத் தாழக் குனிந்தேன்.

உனோ போகும் படகுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. நான் போன காலத்தில் எதிர்க்கரையான தகமட்சுவுக்குப் போகும் பெரிய படகுகளில் கடைசியானது ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டது, அந்தப் பக்கம் தங்குகிறவர்கள் படகு அட்டவணையை முதலில் பார்த்துவிட்டே அருங்காட்சியக நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உனோவில் இறங்கியபோது ரயில் போய்விட்டிருந்தது, அடுத்ததற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்தில் குளிர்ந்த பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டால், ஒக்காயாமாவிலிருந்து ஒசாகாவுக்கு நான் இருக்கை பதிந்திருந்த ஷின்கான்சென் அதிவேக ரயில் கைநழுவிவிட்டது என்பது உறுதியாயிற்று. ஆறாயிரம் யென்னுக்கு மேல் கொடுத்த சீட்டு. இந்த ஒரு நாளில் இன்னும் என்னென்ன போகப் போகிறதோ என்று சோர்ந்துபோனேன்.

ஆனால் அது போகவில்லை. ஒக்காயாமா நிலையத்தில் புதுச் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதற்கு முன், நுழைவாயிலில் இருந்த ஊழியரிடம் பழைய சீட்டைக் காட்டிக் கேட்டேன். அவர் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். சாதாரண விலையில் வாங்கிய சீட்டாக இருந்தால், ரயிலைத் தவறவிட்டாலும் அதே நாளில் அடுத்து வரும் ரயில்களின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் ஏறிக்கொள்ளலாம். தள்ளுபடிச் சீட்டுகளுக்கு இது பொருந்தாது. புத்தாண்டு போன்ற நெரிசல் காலங்களில் நொசோமி என்ற வேக ரயில்களில் எல்லாப் பெட்டிகளையும் முன்பதிவாக்கிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாமல் முதலில் கேளுங்கள். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம், பெட்டியைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைவம் உண்பவர்கள் ஜப்பானில் சூப், குழம்பு என எதில் திரவம் இருந்தாலும் விசாரித்தே சாப்பிட வேண்டும், பெரும்பாலும் அவற்றின் அடிப்படை மீன் சாறுதான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னைத் தாங்கியது, ஊறவைத்த உமேபோஷிக் காய் வைத்த சோற்று உருண்டைகள் இரண்டும், ஊரிலிருந்து கொண்டுபோன தேன்குழலும். தீவில் உணவகங்கள் குறைவு, மாலைக்குப் பிறகு இன்னும் குறைவு. கையில் ரொக்க யென் இல்லாமல் தீவுக்குப் போகாதீர்கள். பேருந்துக்கும் லாக்கருக்கும் 100 யென் நாணயங்களாகவே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிச் செலவுக் கணக்குக் கொடுத்தபோது, சனிக்கிழமை இரவின் விடுதி வாடகையைக் கணக்குப் பிரிவு ஏற்கவில்லை. மாற்றிய அட்டவணையில் ஞாயிறு வேலை நாள் இல்லை என்பதால், அதற்கு முந்தைய இரவு ஒசாகாவிலேயே தங்கியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். சனிக்கிழமை இரவு ஏழு மணி வரை நான் ஆலையில் இருந்தேன் என்ற வாடிக்கையாளரின் வருகைப் பதிவை வாங்கி அனுப்பிய பிறகு பாதித் தொகை கிடைத்தது. பயணத் திட்டம் வேலையால் மாறும்போது, யார் சொல்லி மாறியது, எந்த இரவு யார் பொறுப்பு என்பதைத் தொலைபேசியில் பேசி விட்டுவிடாமல் அன்றே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீணான முதல் சீட்டு, மீதி வாடகை, பெட்டிக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து என் கைப்பணம் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது. போன பணத்தைவிட, டி மரியாவின் கூடத்தில் இழந்த நேரம்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் போன பிறகு, 2025 மே இறுதியில், ஹொன்முரா அருகே ஆண்டோ கட்டிய இன்னோர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது. ஆக, பார்க்க வேண்டியவை கூடியிருக்கின்றன, ஒரு பிற்பகலில் முடிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இன்னும் இடமில்லை. செட்டோஉச்சி மூவாண்டுக் கலைத் திருவிழா இந்தத் தீவுகளில் 2010 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, கடைசியாக 2025இல் நடந்தது. அடுத்தது 2028 என்று கணக்கு வருகிறது. அந்தப் பருவங்களில் படகும் விடுதியும் நிரம்பி வழியும், அருங்காட்சியகங்களின் விடுமுறை நாட்களும் மாறக்கூடும். உங்கள் வாடிக்கையாளர் அந்த மாதங்களில் அழைத்தால், தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன்பே உனோ பக்கம் ஓர் அறையைப் பிடித்து வைத்துவிடுங்கள்.